கேளுங்க, சொல்றோம்: பெட்ஸெட் காலனி கரண்ட்

கேள்வி: ஆர்க்கிடெக்சர் படிக்கிற என் பையன், லண்டன்ல பெட்ஸெட்னு ஒரு காலனி இருக்கு, தனக்கு வேணுங்கிற கரண்ட்ட தானே தயாரிச்சுக்குதுன்னு ஒரே புராணமா பாடுறான். நெசமாவே ஓடுதா, இல்ல போட்டோவுக்கு மட்டும்தானா?
- வாசகி, திருச்சி

பதில்: பையன் பாதிக் கதையத்தான் சொல்லியிருக்கான். தெற்கு லண்டன் சட்டன் பக்கம் 2002ல முடிஞ்ச காலனி அது, பில் டன்ஸ்டர்ங்கிற ஆர்க்கிடெக்ட் டிசைன், பீபாடி டிரஸ்ட்ங்கிற வீட்டுவசதி அறக்கட்டளை காசு போட்டு கட்டுச்சு, சொந்த வீட்டுக்காரங்க, குறைஞ்ச வாடகைக்காரங்க எல்லாரும் கலந்துதான் இருக்காங்க. அங்க ஹீரோன்னு நெனச்சது ஒரு 130 கிலோவாட் மிஷின். லண்டன்ல வெட்டிப் போடுற மரக்கிளைய துண்டாக்கி, அதுலேருந்து கேஸ் எடுத்து, கரண்ட்டும் சுடுதண்ணியும் ஒண்ணா குடுக்கணும், அதான் பிளான். ஆனா அது நிக்காம ஓட வேண்டிய ஜாதி, ராத்திரி சத்தம் வரக்கூடாதுன்னு தினமும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினா என்ன ஆகும், கேஸ் ஆறி தார் படிஞ்சு அடைச்சுக்கும், அடிக்கடி ரிப்பேர் வேற. 2005லயே மூடிட்டாங்க, அப்புறம் ரொம்ப வருஷம் சாதா கேஸ் பாய்லர்தான்!

ஆனா வீடு தோக்கல பாருங்க. சுவத்துக்குள்ள 300 மில்லிமீட்டர் கனத்துக்கு இன்சுலேஷன், ஜன்னல்ல மூணு அடுக்கு கண்ணாடி, தெக்குப் பக்கம் வெயில் பிடிக்க கண்ணாடி அறை, கூரைமேல காத்துக்கு ஏத்த மாதிரி திரும்புற கலர் கலர் கூண்டு, அது உள்ள வர்ற குளிர் காத்த வெளிய போற சூட்டுலயே வெதுவெதுப்பாக்கிடும். ஹீட்டரே பெருசா தேவைப்படல. என்னைக் கேட்டா மார்க் அந்த சுவத்துக்குத்தான், மிஷினுக்கு இல்ல.

கேள்வி: பெட்ஸெட்ல சோலார் இருந்துச்சே, அது என்னாச்சு?
- வாசகர், கரூர்

பதில்: அது நல்லாவே ஓடுச்சு. 40 எலக்ட்ரிக் காருக்கு சார்ஜ் போடலாம்னு 700 சதுர மீட்டருக்கு மேல பேனல் போட்டாங்க, 2002ல எலக்ட்ரிக் காருக்கு எங்க போறது, அதனால கரண்ட்ட வீடுங்களுக்கே திருப்பி விட்டுட்டாங்க.

கேள்வி: பெட்ஸெட்ல அக்கம்பக்கம் எல்லாரும் ஒண்ணா பழகுறாங்கன்னா, பொங்கலுக்கு கோலப்போட்டி வைக்கிற மாதிரியா? நம்மூர்லயும் இதே மாதிரி கட்டலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கோலம் போட வாசல் இருந்தாத்தானே போட்டி! அங்க கார ஓரத்துலயே நிறுத்தி வச்சு, நடுவுல நடக்குற பாதைய விட்டுட்டாங்க, புள்ளைங்க அங்கதான் விளையாடுது. ஒரு கார பல பேர் மாத்தி மாத்தி எடுத்துக்குற ஏற்பாடும் இருந்துச்சு. பின்னாடி கேட்டுப் பாத்தப்ப, ஒவ்வொருத்தருக்கும் சராசரியா 20 அக்கம்பக்கத்துக்காரங்க பேரு தெரிஞ்சிருக்கு. உங்க அபார்ட்மென்ட்ல எத்தன பேரு தெரியும், சொல்லுங்க பாப்போம்?

அப்படியே காப்பி அடிக்காதீங்க. லண்டன்ல குளிர்காலச் சூரியன் தாழ்வா போகும், அதான் தெக்குப் பக்கம் கண்ணாடி. நம்மூர் வெயிலுக்கு அதையே வச்சா வீடு அடுப்பாயிடும், இங்க வேணுங்கிறது நெழலும் காத்தும்தான். காலிக் கூரைக்கு சோலார், கார் இல்லாத நடுப்பாதை, இது ரெண்ட மட்டும் எடுத்துக்கலாம்.