அரிசி ஆலைச் சாம்பலில் இருந்து பேட்டரி செய்யலாம் என்கிறார்களே, சேர்த்து வைத்தால் விலை போகுமா?

பேட்டரிக்கான சிலிக்கான் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் உங்கள் ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் சாம்பலை நம்பி இறங்காதீர்கள். இதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு ஒரு மழைக்காலம் போயிற்று, பல வருடப் பழக்கமுள்ள சாம்பல் வியாபாரியும் கைவிட்டுப் போனார்.

நீங்களும் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்கு ஆரணிப் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை. நெல் அவிக்கும் பாய்லரில் உமியைத்தான் எரிக்கிறோம், சாம்பல் அதிலிருந்து வருவது. 2013-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர் யி சூய் குழுவினர் உமியிலிருந்து சிலிக்கான் எடுத்து, லித்தியம் அயன் பேட்டரியில் கிராஃபைட் (ஒருவகைக் கரி) இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே எடை கிராஃபைட்டைப் போல ஏழு மடங்கு மின்னேற்றத்தைச் சேமித்தது. 300 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் அந்தத் திறனில் 86 சதவீதம் நின்றது. இதைப் படித்த அன்றே, சாம்பலை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

கணக்கும் போட்டேன். ஒரு டன் நெல்லுக்கு ஏறக்குறைய 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல், அதில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது, மணலில் இருப்பதும் அதுதான். சிந்தாமல் சிதறாமல் மாற்றினால் 16 கிலோ சிலிக்கான். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய அந்த 16 இன்றும் இருக்கிறது.

நான்கு மாதம் குவித்தேன். ஐப்பசி மழையில் கறுப்புத் தண்ணீர் பின்தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டு அக்கா ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் அப்பாவின் மேசையில் விரித்துவிட்டுப் போனார்.

பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியரிடம் ஒரு பை சாம்பலைக் கொண்டுபோனேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார், கறுப்பு அப்பிக்கொண்டது. மூசையில், அதாவது சூடு தாங்கும் கிண்ணத்தில், போட்டு மறுபடி உலையில் வைத்தார். மாலையில் எடுத்தபோதும் சாம்பல் வெளுக்கவில்லை. "உமியில் இருக்கும் பொட்டாசியம் சிலிக்காவை உருக்கி, கரியை உள்ளே வைத்துப் பூசிவிட்டது தம்பி. இனி அது எரியாது" என்றார்.

பிறகு எங்கள் ஆலை உமியையே ஒரு கைப்பிடி எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வேகவைத்துக் கழுவி, 700 டிகிரியில் எரித்தார். திருநீறு மாதிரி வெள்ளை வெளேரென்று வந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்குவதே இங்கேதான். பாய்லரில் சூடு ஏறினால் சிலிக்கா படிகமாகிவிடும், அது பேட்டரி ஆராய்ச்சிக்காரர்களுக்கு உதவாது. அந்தத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல்; சாம்பல் அள்ளும் ஆட்களுக்கு முகக்கவசம் கொடுங்கள்.

வெள்ளைப் பொடியைச் சிலிக்கான் ஆக்க மக்னீசியம் வேண்டும். ஒரு கிலோ சிலிக்கானுக்குச் சுமார் 1.7 கிலோ. அதற்குப் பிறகு இன்னொரு அமிலக் கழுவல். உமியை அமிலத்துக்குக் கொடுத்துவிட்டால் நெல் அவிக்க எதை எரிப்பது? கழுவிய தண்ணீரை எங்கே விடுவது? அக்கா வீட்டுப் பக்கமா?

ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. வேதியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பேட்டரி சார்ஜ் ஆகி லித்தியம் உள்ளே ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் உப்பி நொறுங்கும். உமிச் சிலிக்காவில் இயற்கையாகவே உள்ள நுண்துளைகள் அந்த வீக்கத்துக்கு இடம் கொடுக்கின்றன. அருமையான வேலைதான். எங்கள் பாய்லருக்கும் அதற்கும்தான் சம்பந்தம் இல்லை.

     

சாம்பலை விற்றுவிடுங்கள். உருகிய எஃகின் சூடு போகாமல் மேலே மூடுவதற்கு எஃகு ஆலைகள் வாங்குகின்றன. எங்கள் பழைய வியாபாரி இப்போது வேறு ஆலையில் எடுக்கிறார். போன் செய்தால் "பார்க்கலாம் தம்பி" என்பார். தார்ப்பாய்க்கு அடியில் பாதிக் குவியல் அப்படியே இருக்கிறது. என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் லாரியோடு வாருங்கள். சாம்பல் இலவசம், ஏற்றுக்கூலி உங்களுடையது.