கோதுமையை விட்டும் உப்புசம் போகவில்லையா?

சீலியாக் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று உறுதியாகி இரண்டு மாதமாகக் கோதுமையைத் தொடவே இல்லை, ஆனாலும் உப்புசம் போகவில்லை என்கிறீர்கள். வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போல் ரொட்டி சாப்பிடுவதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான்: அந்த ரொட்டித்தூள் உங்கள் சாப்பாட்டிலும் கலக்கிறதோ என்று.

டோஸ்டரைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், கொட்டுகிற தூளைப் பார்த்தாலே புரியும். எனக்கு வினை வந்தது வெண்ணெய் டப்பாவில். ரொட்டியில் தடவிய கத்தி திரும்ப உள்ளே போய், மேலெல்லாம் பொடிப்பொடியாகத் துணுக்குகள்! சூட்டில் குளூட்டன் அழியாது, அதனால் 'நன்றாகக் காய்ந்த வாணலிதானே' என்ற சமாதானம் செல்லாது. கீறல் விழுந்த மரப்பலகை, சல்லடை இரண்டையும் உங்களுக்கெனத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தேய்த்தாலும் சல்லடைக் கண்ணில் மாவு நிற்கும். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

அப்புறம், சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் என்றால் பொதுவாகப் பார்லி. ஓட்ஸ் வேண்டுமென்றால் 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட்ட பாக்கெட்டாகவே வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் பாலைப் பற்றிக் கேளுங்கள். குடல் ஆறும்வரை சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது.