கற்பனை பேஸ்பால் லீக் ஒன்றை அமைப்பது எப்படி?

கேள்வி: "அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்" என்னும், பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டில் சொந்தமாக ஒரு கற்பனை லீக் உருவாக்க விரும்புகிறேன். 1950-களில் அமெரிக்காவின் பசிபிக் கரையில் அமெரிக்கன், நேஷனல் ஆகிய இரண்டு உச்சநிலை லீக்குகளோடு மூன்றாவது மேஜர் லீக் ஒன்று வேரூன்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதே என் எண்ணம். முதல் முயற்சியில் 30 அணிகளுடன் தொடங்கினேன். வீரர்களின் பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை. இரண்டு பணக்கார அணிகளே மாறி மாறி வென்றன. எண்களும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை. எத்தனை அணிகள் வைக்கலாம், எந்த அமைப்புகளை மாற்றலாம், எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: நீங்கள் எடுத்துக்கொண்ட களம் மிக நல்ல களம், ஏனெனில் அது வெறும் கற்பனை அன்று. 1903-இல் தோன்றிய பசிபிக் கோஸ்ட் லீக், 1952-இல் மேஜர் லீக்குகளுக்குக் கீழ்நிலையில் இருந்த மற்ற மைனர் லீக்குகளுக்கெல்லாம் மேலான "ஓப்பன்" என்னும் தனித் தகுதியைப் பெற்று, மேஜர் லீக் ஆகும் வாசலில் நின்றது. 1958-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் குடிபெயர்ந்தபோது அந்த வாசல் மூடிக்கொண்டது. ஆகவே உங்கள் லீக் உண்மை வரலாற்றிலிருந்து எந்த ஆண்டில் பிரிகிறது என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மற்ற அமைப்புகள் பலவும் அந்த ஆண்டிலிருந்தே கிடைத்துவிடும்.

அதோடு இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கற்பனை லீக்குக்கு உயிர் கொடுப்பது அதன் கடந்த காலம். யார் சாதனை படைத்தார், எந்த அணி எத்தனை ஆண்டு தோற்றது, யாருடைய சாதனையை யார் முறியடித்தார் என்பவை இருந்தால்தான் இன்றைய ஆட்டத்துக்குப் பொருள் வரும். லீக்கைச் சிறியதாக வைக்க வேண்டும், அதற்கு முன்கதை ஒன்றைச் சேர்த்த பிறகே அணிப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அணிகளின் எண்ணிக்கையை 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அணிகள், அணிக்கு 26 பேர் என்றால் 780 வீரர்கள்; எவராலும் அத்தனை பேரை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது. 8 அணிகள், அணிக்கு 25 பேர் என்றால் 200 பேர்தான். இரண்டு சீசன்களில் எதிரணியின் மூன்றாவது பிட்ச்சர் (பந்து எறிபவர்) வரை உங்களுக்குப் பழகிவிடுவார். அமெரிக்கன் லீக்கும் நேஷனல் லீக்கும் 1960 வரை எட்டெட்டு அணிகளுடன்தான் நடந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளை 22 முறை சந்தித்ததால் ஒரு சீசனுக்கு 154 ஆட்டங்கள் வந்தன. 1961-இல் அமெரிக்கன் லீக் பத்து அணிகளாக விரிந்தபோது ஒன்பது எதிரணிகளுடன் 18 முறை என்று கணக்கு மாறி, இன்றுவரை நிலைத்திருக்கும் 162 பிறந்தது. எதிரணிகளின் எண்ணிக்கையை ஓர் இரட்டைப்படை எண்ணால் பெருக்கினால் உள்ளூர் ஆட்டங்களும் வெளியூர் ஆட்டங்களும் சரிபாதியாக அமைந்து அட்டவணை கோணாமல் வரும். கலிபோர்னியாவின் மிதமான வானிலை நீண்ட சீசனுக்கு இடம் கொடுத்தது. 1905-இல் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணி 230 ஆட்டங்கள் ஆடியது. உங்கள் லீக்குக்கு 24 முறை சந்திப்பு, அதாவது 168 ஆட்டங்கள் என்று வைத்தால் அந்த மண்ணின் தன்மையும் இருக்கும், பிட்ச்சர்களும் தாங்குவார்கள். எட்டு அணிகளைப் பிரிவுகளாக உடைக்க வேண்டாம்; ஒரே புள்ளிப் பட்டியல் போதும்.

நகரங்களைப் பொறுத்தவரை 1952-இன் உண்மைப் பட்டியலையே பின்பற்றலாம்: லாஸ் ஏஞ்சலிஸ், ஹாலிவுட், சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட், சான் டியேகோ, சாக்ரமென்டோ, போர்ட்லாண்ட், சியாட்டில். அணிகளின் செல்லப் பெயர்களை மட்டும் நீங்களே சூட்டுங்கள். சந்தை அளவை நிர்ணயிக்க 1950-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் ஏறத்தாழ 19.7 லட்சம், சான் பிரான்சிஸ்கோ 7.75 லட்சம், சியாட்டில் 4.68 லட்சம், ஓக்லாண்ட் 3.85 லட்சம், போர்ட்லாண்ட் 3.74 லட்சம், சான் டியேகோ 3.34 லட்சம், சாக்ரமென்டோ 1.38 லட்சம். ஹாலிவுட் அணி லாஸ் ஏஞ்சலிஸ் மக்களையே பங்கிட்டுக்கொள்வதால், அந்த இரண்டு அணிகளுக்கும் நகரத்தின் முழு அளவைக் கொடுத்துவிடக் கூடாது. உங்கள் முதல் லீக்கில் இரண்டு அணிகளே வென்றதற்கு இத்தகைய சந்தை ஏற்றத்தாழ்வு ஒரு காரணமாக இருந்திருக்கும். இங்கே மக்கள்தொகையின் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் சாக்ரமென்டோ ஒருபோதும் எழுந்திருக்காது. வரிசையை மட்டும் காப்பாற்றி, இடைவெளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

எண்கள் காலத்துக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கற்பனை லீக் அமைப்போர் பலரும் தடுமாறும் இடம் இது. இந்த விளையாட்டில் ஒரு வீரரின் திறன் மதிப்பெண் அவர் எத்தனை ஹோம் ரன் (பந்தை மைதானச் சுவருக்கு அப்பால் அடிப்பது) அடிப்பார் என்பதை நேரடியாகச் சொல்வதில்லை. லீக்கின் சராசரியோடு ஒப்பிட்டால் அவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் 50 என்பது சராசரி வீரர். அந்தச் சராசரி வீரர் ஒரு சீசனில் என்ன சாதிப்பார் என்பதை "லீக் மொத்தங்கள்" என்னும் தனி அமைப்பே தீர்மானிக்கிறது. 1930-ஆம் ஆண்டை அடிப்படையாக எடுத்தால், நேஷனல் லீக் முழுவதுமே .303 பேட்டிங் சராசரியில் (பேட் செய்த வாய்ப்புகளில் வெற்றிகரமான அடிகளின் விகிதம்) அடித்த, பில் டெர்ரி .401 எட்டிய காலம் உங்கள் மைதானங்களில் திரும்பும். 1968-ஐ எடுத்தால், மேஜர் லீக் முழுமைக்கும் பேட்டிங் சராசரி .237-ஆக இறங்கிய, பாப் கிப்சன் 1.12 என்ற ஈ.ஆர்.ஏ.வுடன் (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்ச்சர் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி) முடித்த, .301 அடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியே அமெரிக்கன் லீக்கின் முதலிடத்தைப் பெற்ற ஆண்டு வந்து நிற்கும். ஒரே திறமையுள்ள வீரர்கள் இந்த இரண்டு அமைப்புகளில் முற்றிலும் வேறுபட்ட எண்களைத் தருவார்கள். இதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் நவீன காலத்தின் ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்குகளில் பேட்டர் ஆட்டமிழப்பது) வெள்ளம் 1952-க்குள் புகுந்துவிடும்.

ஆகவே 1952-இன் லீக் மொத்தங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கேற்ப வீரர்களின் எண்களைச் சரிப்படுத்தும் பெருக்கல் காரணிகளைத் தானாகக் கணக்கிடும் வசதியைப் பயன்படுத்துங்கள். வீரர்கள் உருவாக்கப்பட்ட பிறகே இந்தக் கணக்கீட்டைச் செய்ய வேண்டும், ஏனெனில் அது உங்கள் லீக்கில் உண்மையாக இருக்கும் வீரர்களை வைத்தே சரிசெய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் உண்மை வரலாற்றின் மொத்தங்களைப் பின்தொடரும் விருப்பத்தையும் இயக்கலாம். அப்போது பதினாறு ஆண்டுகள் கழித்து பிட்ச்சர்களின் ஆதிக்கம் உங்கள் கரையிலும் வந்து சேரும். மேஜர் லீக்கில் அதற்கு விடையாக 1969-இல் பிட்ச்சர் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். உங்கள் லீக் அதை ஏற்குமா, மறுக்குமா என்று நீங்களே முடிவு செய்யும் நிலையை நான் மிகவும் விரும்புவேன். பிட்ச்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யும் டெசிக்னேட்டட் ஹிட்டர் விதி 1973-இல்தான் அமெரிக்கன் லீக்கில் வந்தது என்பதால் அதை இப்போது அணைத்துவையுங்கள்.

மைதானங்களையும் சராசரி மதிப்பிலேயே விட்டுவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ரிக்லி ஃபீல்டில் இடது, வலது இடைப்பகுதிச் சுவர்கள் 345 அடியில் நெருங்கி நின்றதால் ஹோம் ரன்கள் மிகுந்தன. அந்த அணியின் ஸ்டீவ் பில்கோ 1956-இல் 55, 1957-இல் 56 ஹோம் ரன்கள் அடித்தார். உங்கள் எட்டு மைதானங்களில் ஒன்றிரண்டுக்கு மட்டும் இத்தகைய தெளிவான குணத்தைக் கொடுங்கள். எல்லா மைதானங்களும் விசித்திரமாக இருந்தால் எதுவுமே விசித்திரமாகத் தெரியாது.

அடுத்து வீரர்களின் வரத்து. டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) சுற்றுகளைக் குத்துமதிப்பாக வைப்பதால் பல லீக்குகள் பத்தாண்டுக்குள் சீர்குலைகின்றன. கிணற்றில் ஊற்றும் இறைப்பும் ஒத்திருப்பதுபோல, ஆண்டுதோறும் உள்ளே வருவோரும் வெளியேறுவோரும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் முதன்மை அணியும் இரண்டு மைனர் அணிகளும், ஒவ்வொன்றிலும் 25 பேர் என்று கொண்டால், லீக் முழுவதும் 600 வீரர்கள் இருப்பார்கள். ஒருவர் சராசரியாக ஆறு ஆண்டுகள் இந்த அமைப்பில் இருப்பார் என்று வைத்தால் ஆண்டுக்கு 100 புதியவர்கள் வேண்டும். எட்டு அணிகளுக்கு அது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று சுற்றுகள். 30 சுற்றுகள் வைத்தால் ஆண்டுக்கு 240 பேர் நுழைந்து, அதே அளவு பேர் வேலையின்றி வெளியே நிற்பார்கள். ஐந்து சுற்றுகள் வைத்தால் மைனர் அணிகள் காலியாகி, தகுதியற்றவர்கள் முதன்மை அணிக்கு வருவார்கள்.

வீரர்களின் நாட்டு விகிதத்தையும் இங்கேயே அமைக்கலாம். 1948-இல் ஜான் ரிட்சி சான் டியேகோவுக்காக ஆடி பசிபிக் கோஸ்ட் லீக்கில் கறுப்பின வீரர்களை விலக்கிவைத்த நிறத்தடையைத் தகர்த்துவிட்டதால், 1952-இல் எல்லாருக்கும் திறந்த லீக்காக வைப்பது வரலாற்றுக்கும் பொருந்தும். மெக்சிகோ, கியூபா வீரர்களுக்குச் சிறு பங்கு ஒதுக்கலாம். பசிபிக் கரை என்பதால் ஜப்பானையும் சேர்க்க மனம் விழையும். முதல் ஜப்பானிய வீரராக மசனோரி முரகாமி மேஜர் லீக்கில் கால் வைத்தது 1964-இல்தான் என்பதை நினைவில் கொண்டு அந்தப் பங்கை முதலில் மிகக் குறைவாக வைத்து, பின்னர் உயர்த்துங்கள்.

பண விவகாரத்தில் என் பரிந்துரை, காலத்துக்குப் பொருந்தும் ஒரு விதியும் பொருந்தாத ஒரு விதியும் ஆகும். வீரரை அணியோடு கட்டிப்போட்ட ரிசர்வ் விதி, 1975 டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பால்தான் உடைந்தது. அதுவரை, ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குச் செல்லும் ஃப்ரீ ஏஜென்சி இல்லை. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பணக்கார அணிகள் மற்ற அணிகளின் நட்சத்திரங்களை விலைக்கு வாங்கும் வழி இதனால் பெருமளவு அடைபடும். ஆனால் அமெச்சூர் டிராஃப்டும் 1965-இல்தான் தொடங்கியது என்பதற்காக அதை விலக்கிவிடாதீர்கள். டிராஃப்ட் இல்லாத காலத்தில் பணமுள்ள அணிகளே இளம் திறமையை அள்ளிச் சென்றன. நியூயார்க் யாங்கீஸ் 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து முறை, அமெரிக்கன், நேஷனல் லீக் வாகையர் மோதும் உலக சீரிஸை வென்ற சூழலில் அதற்கும் பங்குண்டு. வரலாற்று உண்மையைச் சற்றே விட்டுக்கொடுத்து, கடைசி இடத்து அணி முதலில் தேர்வு செய்யும் டிராஃப்டை வைத்தால் சாக்ரமென்டோ ரசிகருக்கும் நம்பிக்கை இருக்கும். சம்பளம், நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டின் அளவுகோலுக்குச் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் தனியாக மாற்றினால் சில ஆண்டுகளில் அணிகள் பணத்தில் மிதக்கும் அல்லது திவாலாகும்.

வீரர்களின் திறன் எதிர்பாராமல் ஏறி இறங்குவதை நிர்ணயிக்கும் மதிப்பை 100 என்ற இயல்பிலேயே விடுங்கள். சிறிய லீக்கில் அதை உயர்த்தினால் நட்சத்திரங்கள் நிலைக்க மாட்டார்கள்.

இனி முன்கதை. நீங்கள் 1952-இல் பொறுப்பேற்க விரும்பினால் லீக்கை 1927-இல் தொடங்கி, எந்த அணியையும் ஏற்காத மேலாளராக இருந்துகொண்டு, 25 சீசன்களைக் கணினியே ஓட்டட்டும். (அப்படியானால் முதல் ஆண்டின் லீக் மொத்தங்கள் 1927-க்கு உரியவையாக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் வரலாற்றைப் பின்தொடரும் விருப்பம் உங்களை 1952-க்குக் கொண்டுவந்து சேர்க்கும்.) தொடக்க டிராஃப்டில் வரும் வீரர்கள் அனைவரும் ஒரே நாளில் படைக்கப்பட்டவர்கள், லீக்கில் முந்தைய எண்களும் சாதனைகளும் அவர்களுக்கு இல்லை. அந்தத் தலைமுறை முழுவதும் ஓய்வுபெறப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அதற்குப் பிறகு வருபவர்களே உங்கள் டிராஃப்டிலும் மைனர் அணிகளிலும் வளர்ந்து வந்த உண்மையான லீக் வீரர்கள். கடைசிப் பத்து ஆண்டுகளில் வாழ்நாள் சாதனைகள் நம்பத்தக்க அளவை எட்டும். அணிகள் இடம்பெயர்வதையும் விதிகள் மாறுவதையும் விளையாட்டே முடிவு செய்யும் பரிணாம வசதியை இந்த 25 ஆண்டுகளுக்கு அணைத்துவையுங்கள்; இல்லாவிட்டால் ஓக்லாண்ட் அணி வேறெங்கோ போயிருக்கும்.

ஐந்து சீசன்கள் ஓடியதும் நிறுத்திச் சோதியுங்கள். லீக்கின் பேட்டிங் சராசரியும் ஈ.ஆர்.ஏ.வும் அந்தந்த ஆண்டின் உண்மை எண்களுக்கு அருகில் உள்ளனவா, வேலையின்றி நிற்கும் வீரர்களின் பட்டியலில் நல்ல வீரர்கள் தேங்கிக் கிடக்கிறார்களா, எத்தனை வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றுள்ளன, எந்த அணியாவது கடனில் மூழ்குகிறதா என்று பாருங்கள். எதுவும் பிசகியிருந்தால் அந்த ஓர் அமைப்பை மட்டும் திருத்தி, சேமிப்பின் நகலிலிருந்து மறுபடியும் 1927-இல் தொடங்குங்கள்; பல அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். எனவே முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே, சேமிப்புக் கோப்புறையை அப்படியே வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

1951 சீசன் முடிந்ததும், ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் முன்பாகவே அணிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்த ஆண்டின் சம்பளப் பட்டியலை நீங்களே அமைக்க முடியும். ஏற்கும் முன் அந்த 25 ஆண்டுகளின் பதிவேட்டை ஒரு மாலை முழுவதும் படியுங்கள். லீக்கில் எதையும் மாற்றிக்கொள்ள ஆணையர் அதிகாரம் தரும் முறையை அன்றே அணைத்துவிடுங்கள். தோல்வியைத் திருத்தும் வழி கையில் இருக்கும்வரை எந்த வெற்றியும் நிலைக்காது. அணித் தேர்வில் என் விருப்பம் சியாட்டில் அல்லது போர்ட்லாண்ட்: நடுத்தரச் சந்தையில் தவறுகளைத் தாங்கவும் இடமுண்டு, பணத்தால் மட்டும் வெல்லவும் வழியில்லை.