நமக்கு நேர்ந்தால் சூழ்நிலை, அடுத்தவருக்கு நேர்ந்தால் குணம்: ஏன் இப்படி நினைக்கிறோம்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் அரை மணி நேரம் தாமதம். ‘பொறுப்பே இல்லை’ என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்கே சில்க் போர்டு சிக்னலில் மாட்டி நானும் ஆபீசுக்குத் தாமதம். எனக்கு மட்டும் காரணம் டிராஃபிக்!

அடுத்தவர் செயலுக்குக் குணத்தைக் காரணமாக்கிச் சூழ்நிலையை மறப்பதை 1977இல் உளவியலாளர் லீ ராஸ் ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்றார். நம்மை நெருக்கும் சூழல் நமக்குத் தெரிகிறது. அடுத்தவரிடம் அவர் மட்டும்தான் தெரிகிறார்.

எல்லா ஊரிலும் ஒரே அளவில்லை. உளவியலாளர் ஜோன் மில்லரின் 1984 ஆய்வில், அமெரிக்கப் பெரியவர்களைவிட மைசூர்ப் பெரியவர்கள் அடுத்தவர் செயலுக்குச் சூழ்நிலையைக் காரணமாக அதிகம் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. அப்படியானால் இது வளர வளரப் படிவது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அப்புறம் அக்காவிடம் கேட்டேன். தண்ணீர் டேங்கருக்காகக் குடத்தோடு நின்றிருந்தாராம்.