யாருடையதைப் பலி கொடுக்கிறோம்? லெந்து கால கேள்வி பதில்

சேலம் அஸ்தம்பட்டியில் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) மாலை வேதபாடம் எடுக்கிறேன். இந்த முறை தலைப்பு ‘ஒப்புக்கொடுத்தல்’. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம் என்று சொல்லியிருந்தேன். பெட்டி நிறைந்துவிட்டது. பெயரை விட்டுவிட்டு, ஊரை மட்டும் போட்டுச் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நாகலூர், ஏற்காடு: ஐயா, ஓய்வுநாள் பள்ளியில் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையைச் சொல்லித்தரச் சொன்னார்கள். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். பிள்ளையைக் கேட்கிற தேவனை எப்படி நம்புவது? கோபம்தான் வருகிறது.

வரட்டும் அம்மா. இந்தக் கதையைக் கேட்டுக் கோபமே வராதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஆதியாகமம் 22-ஐ மெதுவாக வாசியுங்கள். அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், விறகைப் பிளக்கிறார், மூன்றாம் நாளில்தான் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. விறகு மகன் தோளில், நெருப்பும் கத்தியும் அப்பா கையில். “ஆட்டுக்குட்டி எங்கே” என்று பையன் கேட்கிறான். பையனின் தாய் சாராளிடம் சொன்னாரா என்று வேதம் ஒரு வார்த்தை எழுதவில்லை. சோதோம் நகரம் அழியாமல் இருக்க, அங்கே ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கிப் பத்து பேர் வரைக்கும் தேவனோடு பேரம் பேசிய மனிதர், சொந்த மகனுக்காக வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனால் வேலைக்காரர்களிடம் அவர் சொல்லிவிட்டுப் போனதைக் கவனியுங்கள்: நானும் பிள்ளையாண்டானும் போய்த் தொழுதுகொண்டு, “திரும்பி வருவோம்.” வருவேன் என்று சொல்லவில்லை. மரித்தோரிலிருந்தும் தேவன் எழுப்ப வல்லவர் என்று அவர் எண்ணினார் என்கிறது எபிரெயர் 11. எழுபத்தைந்து வயதில் வாக்கைக் கேட்டுப் புறப்பட்டவர் நூறு வயதில்தான் ஈசாக்கைக் கையில் ஏந்தினார். இருபத்தைந்து வருடம் சொல்லைக் காப்பாற்றியவர் இப்போது கைவிடமாட்டார் என்ற கணக்கு அது, கண்ணை மூடிக்கொண்டு குதித்தது அல்ல.

கடைசியில் கத்தி இறங்கவில்லை. “பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே” என்பதுதான் முடிவு. சுற்றியிருந்தவர்கள் மோளேகு என்ற தெய்வத்துக்குப் பிள்ளைகளைப் பலி கொடுத்தார்கள்; பிறகு யூதா ஜனங்களும் தங்கள் பிள்ளைகளைத் தீயில் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எரேமியா 7-இல் கர்த்தர் சொல்வது, அது நான் கட்டளையிடாதது, என் மனதில் தோன்றாதது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கத்தியில் நிறுத்தாதீர்கள். தடுத்த குரலையும் புதரில் சிக்கியிருந்த ஆட்டுக்கடாவையும் பெரிதாகச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு கூட்டத்தில் “முழுதாய் ஒப்புக்கொடுத்தால் மருந்து எதற்கு” என்று கேட்டுவிட்டு வந்து, ஊசியை நிறுத்திவிட்டார். கேட்டால், வெள்ளியைப் போல என்னைப் புடமிடுகிறார் என்கிறார்.

தம்பி, இதை வாசித்ததும் அம்மாவை ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போங்கள். இன்சுலினைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. மீதியை அங்கே வரிசையில் நிற்கும்போது வாசிக்கலாம்.

“தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள்” என்று தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் சொன்னவன் பிசாசு. அதற்கு அவன் சங்கீதம் 91-ஐ எடுத்துக் காட்டினான். ஆக, வசனம் சொல்கிறார் என்பதற்காக யாரையும் நம்பிவிட வேண்டாம். இயேசு சொன்ன பதில், தேவனைப் பரீட்சை பார்க்காதே என்பதுதான். எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னார். பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர்.

புடமிடும் வசனம் மல்கியா 3-இல் இருக்கிறது. அங்கே புடமிடப்படுகிறவர்கள் லேவியின் புத்திரர்: குருடும் ஊனமுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த ஆசாரியர்கள். நோயாளிகள் அல்ல. பட்டறை அடுப்புச் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் உட்கார வேண்டியது மேடையில் பேசியவர்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஓமலூர்: ஆலயக் கட்டட நிதிக்கு எல்லாரும் இவ்வளவு தருகிறோம் என்று பொருத்தனை பண்ணினார்கள். நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது மகள் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த சங்கிலியை அடகு வைக்கலாமா? இயேசு பாராட்டிய அந்த ஏழை விதவை இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாளே.

வைக்க வேண்டாம். விதவை போட்டது அவளுடைய காசு. நீங்கள் போடப் பார்ப்பது மகளுடைய படிப்பு. அந்தக் கதைக்கு மேலேயே, மாற்கு 12:40-இல், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். காணிக்கைப் பிரசங்கத்தில் அந்த வரியை மட்டும் ஏனோ யாரும் வாசிப்பதில்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களையும் அவர் விடவில்லை. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதியது (2 கொரிந்தியர் 8:12). போதகரிடம் நேராகப் போய், இவ்வளவுதான் முடியும், அதையும் மாதாமாதம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஏற்காடு: மார்ச் முடிந்தும் மழை இல்லை, காபி பூக்கவில்லை. தண்ணீர் தெளிக்கலாம் என்றால், “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்கிறார் வீட்டுக்காரர்.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் மிரட்டினார்கள்; நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். உங்கள் வீட்டுக்காரர் விசுவாசத்தையும் டீசல் செலவையும் ஒன்றாய் முடிச்சுப் போட்டிருக்கிறாரோ என்று எனக்கொரு சந்தேகம். மோட்டாரைப் போடச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். “உன் சிலுவை, சுமந்துக்கோ” என்கிறார்கள் சபையில்.

அது சிலுவை இல்லை, சகோதரி. என் ஜீவனை ஒருவனும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே கொடுக்கிறேன் என்றார் இயேசு (யோவான் 10:18). இஷ்டப்பட்டுக் கொடுப்பது ஒன்று, பிடுங்கப்படுவது வேறு. நாசரேத்தில் மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோது அவர் நடுவே கடந்து போய்விட்டார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கி அனுப்பினார்கள். தப்பிப்பது அவிசுவாசம் இல்லை. 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். சுமந்துக்கோ என்று சொன்னவர்களில் ஒருவராவது இரண்டு நாள் உங்களைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆத்தூர்: அண்ணனுக்குப் புற்றுநோய். “உம்முடைய சித்தம்” என்று ஜெபிக்க வாய் வரவில்லை. சொன்னால் பொய்யாகிவிடும் போல இருக்கிறது.

அப்படியானால் இன்றைக்குச் சொல்ல வேண்டாம். இயேசு பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில், அந்த வார்த்தைக்கு முன்னால் இன்னொரு வார்த்தை வருகிறது: இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும். நாம் அதைத் தாண்டிக் குதித்து நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுகிறோம். இயேசுவே முதலில் தனக்கு வேண்டியதைக் கேட்டார், முகங்குப்புற விழுந்து கேட்டார். ஒரு தடவையில் முடியவில்லை. மூன்றாம் தரமும் போய் அந்த வார்த்தைகளையே சொன்னார் என்று மத்தேயு எழுதுகிறார். அவருக்கே மூன்று தரம் ஆனது என்றால் உங்களுக்கு முந்நூறு ஆகட்டும்.

அண்ணன் பிழைக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே கேளுங்கள். தேவனிடம் மறைக்காமல் கேட்பதே அவர் கையில் கொடுப்பதுதான், மீதி வரி வருகிறபோது வரும்.

அப்புறம், அண்ணன் பக்கத்தில் உட்காரும்போது வசனம் சொல்ல அவசரப்படாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள்.