பணம் வந்த பிறகு 25 சதவீதம் கேட்கும் வக்கீல்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவருக்கு 34 வயது, லோடு வேன் ஓட்டுநர். லாரி மோதியதில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டுக்கே ஒருவர் வந்து, "நல்ல வக்கீல் பிடித்துத் தருகிறேன், இப்போது ஒரு பைசா வேண்டாம், பணம் வந்ததும் 25 சதவீதம் கொடுத்தால் போதும்" என்கிறார். கையெழுத்துப் போடச் சொல்லிச் சில தாள்களும் கொடுத்திருக்கிறார். போடலாமா?

வேண்டாம். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசி வக்கீல் பீஸ் வாங்குவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன. தெலங்கானாவில் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்திய ஒரு வக்கீல், சதவீதக் கணக்கில் பீஸ் கேட்டுக் கட்சிக்காரரிடம் வாங்கிய காசோலையை வைத்து வழக்குப் போட்டார். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது. சதவீத பீஸ் சட்டத்துக்கு எதிரானது என்றும் சொன்னது. வார்டில் வந்து ஆள் பிடிப்பவர் வக்கீலே அல்ல. அவருடைய கமிஷனும் அந்த 25-க்குள்தான் இருக்கிறது.

கொடுத்த தாள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் வக்காலத்து என்றால் அதில் நீதிமன்றத்தின் பெயர், மனுதாரர் பெயர், வக்கீலின் பெயர், பதிவு எண் எல்லாம் நிரப்பியிருக்க வேண்டும். பெரும்பாலும் மேலே அச்சடித்த நாலு வரி இருக்கும், மற்றதெல்லாம் காலியாக இருக்கும். கூடவே ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளோ, பத்திரத் தாளோ, கையெழுத்து மட்டும் போட்ட செக் லீஃபோ கேட்பார்கள். பின்னாளில் உங்களிடம் கேட்காமலே குறைந்த தொகைக்கு சமரசம் பேசி முடிப்பதற்கும், வராத கடனை வந்ததாகக் காட்டுவதற்கும் இவைதான் பயன்படும். எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஓட்டுநர் உரிமம் எதிலும் அசலைக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும், அசலை நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய நாளில் நீங்களே எடுத்துப் போகலாம்.

பீஸ் கொடுக்க வழியில்லை என்றால் இலவச வக்கீல் கேட்க உங்கள் கணவருக்கு உரிமை உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி தருகிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று யாராவது திருப்பி அனுப்பினால் "12(டி) பிரிவு" என்று சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் என்ற பிரிவுகளிலும் கேட்கலாம்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா ஊர்களில் வட்ட சட்டப் பணிகள் குழு. போன் செய்ய 15100. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். வக்கீல் பீஸ், நீதிமன்றக் கட்டணம், ஆவணச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. புண் ஆறட்டும், செயற்கைக் கால் மாட்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காசு கொடுத்தே வக்கீல் வைப்பதானால் மொத்தத் தொகை இவ்வளவு என்று பேசி, மனு போடும்போது இவ்வளவு, சாட்சி விசாரணையில் இவ்வளவு, தீர்ப்பில் இவ்வளவு என்று பிரித்து ரசீது வாங்குங்கள். மனு நம்பர் ஆனதும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று உங்கள் போனிலேயே தெரியும். வழக்கு நடக்கிறதா தூங்குகிறதா என்று யார் வாயையும் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: மெடிக்கல் போர்டு 60 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அப்படியானால் இழப்பீடும் 60 சதவீதம்தானா? (மேலே கேட்டவரே)

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் பெரிய தொகையை விட்டுவிடுகின்றன. சான்றிதழில் இருப்பது உடலின் கணக்கு. விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்பதை. இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கால் போன எழுத்தர் வேலையைத் தொடரலாம். கால் போன ஓட்டுநருக்குத் தொழிலே போய்விட்டது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவருக்கும் உயர்வில்லாத ஒரே சம்பளம் வாங்குபவருக்கும், 40 வயதுக்குக் கீழே இருந்தால், எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள்: 21,000. வருடத்துக்கு 2,52,000. வயது 31 முதல் 35 வரை என்றால் பெருக்கும் எண் 16. ஆக 40,32,000. சான்றிதழில் உள்ள 60-ஐ அப்படியே எடுத்தால் 24,19,200. ஓட்டுநர் வேலை முழுவதுமாகப் போயிற்று என்று நிரூபித்து 100 சதவீதமாக ஏற்க வைத்தால் 40,32,000. இடையில் 16 லட்சத்துக்கும் மேல். இறந்தவர் வழக்கில் கழிப்பதுபோல் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. யாராவது கழித்துக் கணக்குக் காட்டினால் கேளுங்கள்.

100 சதவீதம் தானாக வந்துவிடாது. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல், "உட்கார்ந்து கடை பார்க்கலாமே" என்பார். அதற்குப் பதில் ஆவணமாக இருக்க வேண்டும்: வணிக வாகனம் ஓட்டும் உரிமம், வேன் முதலாளியின் சாட்சியம், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பதிவு, படிப்பு எதுவரை என்ற சான்று. சான்றிதழை மட்டும் தாக்கல் செய்துவிட்டு மருத்துவரைக் கூண்டில் ஏற்றாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கிளட்சை மிதிக்க முடியுமா, பாரம் தூக்க முடியுமா, எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று அவரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். செயற்கைக் கால் ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் வராது. தயாரிக்கும் மையத்தில் விலைப்புள்ளி வாங்கி, மாற்றும் செலவையும் சேர்த்துத் தனித் தலைப்பாகக் கேளுங்கள்.

தொகை வரும்போது மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போட வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. கணக்கு விவரத்தை ஆரம்பத்திலேயே தாக்கல் செய்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு உண்டு. வேலை செய்யும்போது கம்பி குத்தி ஒரு கண் பார்வை போய்விட்டது. தாமதமாக விண்ணப்பித்ததாகச் சொல்லி நிராகரித்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் விட வேண்டுமா?

நோட்டீஸுக்குச் செலவழிக்க வேண்டாம். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஒரு கண்ணின் பார்வை முற்றிலும் மீளாமல் போனால் 1 லட்ச ரூபாய் உண்டு. 30 நாளுக்குள் விண்ணப்பம் கேட்பது உண்மைதான். ஆனால் நியாயமான காரணத்தால் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை இயந்திரம்போல் நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை டிஸ்சார்ஜ் சம்மரியோடு காட்டி, முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். வங்கிக்கு எழுதினால் மட்டும் போதாது.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அங்கே இடமும் இல்லை. அம்மாவே மனு கொடுக்க வேண்டும். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் தரும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார், ஆகவே இரண்டிலும் கால் வைக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருட அவகாசம் இருப்பதால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மகனுக்கு ஊனச் சான்றிதழில் 38 சதவீதம் என்று போட்டுவிட்டார்கள். 40 இல்லாததால் உதவித்தொகை கிடையாதாம். ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

அதற்கு முன் மேல்முறையீடு இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. மாநில அரசின் விதி சொல்லும் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். மகன் சிறுவன் என்றால் பெற்றோர் கையெழுத்திட்டே கொடுக்கலாம். "குறைவாகப் போட்டுவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. எந்தப் பரிசோதனை செய்யவில்லை, எந்த ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை என்று எழுதி, புதிய ரிப்போர்ட்டை இணையுங்கள். இரண்டு குறைபாடு இருந்து ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதிலும் மறுத்தால்தான் ஹைகோர்ட்டில் ரிட் மனு. அதற்கும் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் உண்டு.

கேள்வி: இலவச வக்கீல் கொடுத்தார்கள். இப்போது "செலவுக்கு" என்று 5,000 கேட்கிறார்.

அவர் கட்சிக்காரரிடம் எதுவும் வாங்கக் கூடாது. கொடுக்காதீர்கள், சண்டையும் வேண்டாம். எந்தத் தேதியில், எதற்கென்று கேட்டார் என்பதை எழுதி மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் கொடுத்து, வேறு வக்கீல் கேளுங்கள். மாற்றிக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா நெருங்கிவிட்டிருந்தால் அந்தத் தேதியை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.