படம் முந்தியதா, பட்டறை முந்தியதா?

கேள்வி: ஹாலிவுட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் என்றால் எனக்கு உயிர். வீடியோ கால், கையசைத்தால் நகரும் திரை எல்லாமே முதலில் சினிமாவில் வந்தவை. விஞ்ஞானிகள் அதைப் பார்த்துதான் செய்தார்கள். அதனால் காலப் பயணமும், மனிதனை அழிக்கும் ரோபோவும் 2050-க்குள் வந்தே தீரும் என்கிறேன். தமிழ் சினிமாவுக்கு மட்டும் ஏன் இந்த முன்யோசனை வரவே இல்லை? நானே ஒரு ரோபோ கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கருத்து?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: வீடியோ காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' வந்தது 1968-ல். விண்வெளி நிலையத்தில் ஓர் அதிகாரி டெலிபோன் சாவடிக்குள் உட்கார்ந்து, பூமியில் இருக்கும் சின்ன மகளின் முகம் பார்த்துப் பேசுவார். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். பேசி முடித்ததும் திரையில் கட்டணம் வரும்: 1.70 டாலர். அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். அங்கே பெல் டெலிபோன் நிறுவனத்தின் மணிச் சின்னம் தெரியும். காரணம் இருக்கிறது. அந்த நிறுவனம் 'பிக்சர்போன்' என்ற கருவியை 1964-லேயே நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்து, வந்தவர்களைப் பேசிப் பார்க்கச் சொன்னது. அதே வருஷம் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் மூன்று நகரங்களிலும் சாவடி திறந்தது. மூன்று நிமிடம் பேச 16 முதல் 27 டாலர். யார் போவார்கள்? 1970-ல் பிட்ஸ்பர்க்கில் அலுவலகங்களுக்கு விற்றுப் பார்த்தார்கள். அதுவும் ஓடவில்லை. படம் வரும்போது கருவி நான்கு வயதுப் பிள்ளை. சினிமா கண்டுபிடித்தது அந்த மலிவு விலையை மட்டும்தான்.

அப்புறம் அது எப்படி நம் கைக்கு வந்தது? இந்தக் கதையைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஓடும் படத்தை அப்படியே அனுப்பினால் சாதாரண டெலிபோன் கம்பி தாங்காது. சுருக்கி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு கணக்கு வேண்டும். அதைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972-ல், இதை ஆராய அரசு அறக்கட்டளை ஒன்றிடம் பணம் கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. நடராஜன், ராவ் என்ற இருவருடன் சேர்ந்து 1974-ல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஜேபெக் படமும், வெளிநாட்டிலிருந்து அண்ணன் பேசும் வீடியோவும் அந்தக் கணக்கின் வழியாகத்தான் வருகின்றன. எந்த ஹாலிவுட் படத்திலும் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருவர் தாளில் கொசைன் என்ற முக்கோணவியல் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதை எந்த கேமராவும் காத்திருந்து எடுக்காது.

கையசைக்கும் திரையும் அப்படியே. 'மைனாரிட்டி ரிப்போர்ட்' 2002-ல் வந்தது. அதற்கு அந்தத் திரையை யோசித்துக் கொடுத்தவர் ஜான் அண்டர்காஃப்ளர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அதே வேலையில் ஆராய்ச்சி செய்தவர். பட்டறையிலிருந்துதான் படத்துக்குப் போனது. அது ஏன் நம் வீட்டுக்கு வரவில்லை என்று தெரிய வேண்டுமானால், கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி ஐந்து நிமிடம் வைத்திருந்து பாருங்கள்.

இன்னொன்று. 1982-ல் வந்த 'பிளேட் ரன்னர்' 2019-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸைக் காட்டுகிறது. கார் பறக்கிறது, மனிதனைப் போலவே செயற்கை மனிதன் நடக்கிறான். ஆனால் நாயகன் ஒரு பெண்ணிடம் பேச, மதுக்கடைச் சுவரில் மாட்டிய போனைத் தேடிப் போகிறான். 2015-ஐக் காட்டிய 'பேக் டு த ஃபியூச்சர்' இரண்டாம் பாகத்தில் வேலை போன செய்தி ஃபேக்ஸில் வருகிறது. இரண்டுமே எனக்குப் பிடித்த படங்கள். குறை சொல்லவில்லை. ஆனால் சட்டைப் பையில் போன் வரும் என்பதையே பார்க்காத கண்ணை ஜோசியக் கண் என்று எப்படிச் சொல்வது?

சினிமா எதையும் தரவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ராக்கெட் கிளம்பும்போது பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு எண்ணிக்கை எண்ணுவதைப் பிரபலமாக்கியது 1929-ல் வந்த ஒரு ஜெர்மன் படம், ஃபிரிட்ஸ் லாங் எடுத்தது. ஆனால் அங்கேயும் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவர் ராக்கெட் விஞ்ஞானி ஹெர்மன் ஓபெர்த்.

காலப் பயணம்: முன்னோக்கிப் போவது இப்போதே நடக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர் நம்மைவிட ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு இளமையாக இறங்குகிறார். பின்னோக்கிப் போக யாரிடமும் வழி இல்லை. 2050 என்று தேதி குறிப்பதற்கு ஆதாரமும் இல்லை.

தமிழ் சினிமாவைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தம்தான். 1963-லேயே 'கலை அரசி' வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது. வேற்றுக்கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, பாட்டும் கூத்தும் மட்டும் இல்லை. அதனால் பறக்கும் தட்டில் வந்து ஒரு பாடகியைத் தூக்கிப் போகிறார்கள். மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது. தந்திரக் காட்சிகளில் குறை இருக்கலாம், யோசனையில் இல்லை.

கடைசியாக உங்கள் ரோபோ. அது ஏன் மனிதனை அழிக்கத்தான் வேண்டும்? போன மாதம் எங்கள் தெரு ரேஷன் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, வீட்டு வேலை செய்கிறவர். கட்டை விரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. புடவையில் துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடு விரல், இடது கை, ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போயிருந்தது. கடைக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனாலும், "நான் என்னம்மா பண்றது, மெஷின் எடுக்கலையே" என்றார். பாட்டி பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகனைக் கூட்டிவரப் போனார்.

கதையை எழுதுங்கள், நிறுத்தாதீர்கள். ஆனால் ரோபோவை அந்தக் கடைக் கவுன்டரில் வைத்து முதல் காட்சியை எழுதி எனக்கு அனுப்புங்கள். நானே படித்துப் பதில் போடுகிறேன்.